சீனப் பெயரைத் தமிழில் எழுதப் போகிறீர்களா? முதலில் எழுத்தைக் கேளுங்கள்

ஒரு பொது அறிவுக் கையேட்டுக்குப் பெயரடைவு தயாரிக்கும் வேலை எனக்கு வந்தது. அதில் சீனப் பெயர்கள் மட்டும் 140. ஆங்கில மூலத்தில் இருந்ததைப் பார்த்து, காதில் விழுகிற மாதிரி தமிழில் எழுதி, அகரவரிசைப்படுத்தி, பக்க எண் போட்டுக் கொடுத்துவிட்டேன். புத்தகம் கட்டாகி வந்த பிறகு ஓர் ஆசிரியை கேட்டார்: "லியு சியாங் என்று ஒரே வரியாகப் போட்டிருக்கிறீர்களே, பழைய சுவடிகளைத் தொகுத்த அறிஞரும் ஒலிம்பிக்கில் தடை தாண்டி ஓடியவரும் ஒருவரா?" அந்த இருவருக்கும் நடுவில் இரண்டாயிரம் ஆண்டு இடைவெளி. தேடிப் பார்த்தால் அந்த ஒரே வரிக்குள் நான்கு பேர் இருந்தார்கள். 1,000 படிகளுக்குப் பிழைதிருத்தச் சீட்டு அச்சிட்டு, மூன்று நாள் உட்கார்ந்து ஒவ்வொன்றாக ஒட்டினோம்.

நீங்கள் மொழிபெயர்ப்பாளராக, மெய்ப்புப் பார்ப்பவராக, வினாடி வினா தயாரிப்பவராக, வகுப்பில் பாடம் நடத்துபவராக இருக்கலாம். சீனப் பெயரோ சீனச் சொல்லின் பிறப்போ உங்கள் மேசைக்கு வந்தால் இதைப் படித்துவிட்டுத் தொடங்குங்கள். சீன மொழி தெரிந்திருக்க வேண்டியதில்லை. எனக்கும் அப்போது தெரியாது.

1. கையில் என்ன வேண்டும், எவ்வளவு செலவாகும்

முதலில் ஒரு விரிதாள் திறந்துகொள்ளுங்கள். ஏழு கட்டங்கள் போதும்: மூலத்தில் உள்ள எழுத்துக்கூட்டல், சீன எழுத்து, தொனி எண்ணோடு பின்யின், பிறந்த ஆண்டும் இறந்த ஆண்டும், ஊர் அல்லது வம்சம், வேறு பெயர்கள், கடைசியாகத் தமிழ் வடிவம். பின்யின் என்பது சீன ஒலியை ஆங்கில எழுத்தில் எழுதும் முறை. தொனி என்பது குரலின் ஏற்ற இறக்கம்; அதை எண்ணால் குறிப்பார்கள், அது மாறினால் சொல்லே மாறிவிடும். தமிழ் வடிவத்தைக் கடைசிக் கட்டத்தில் வைத்ததற்குக் காரணம் உண்டு. மற்ற ஆறும் நிரம்பாமல் அதில் கை வைக்கக் கூடாது. நான் செய்த தவறே அதை முதலில் நிரப்பியதுதான்.

அப்புறம் அகராதி. கைபேசியில் பிளெக்கோ என்ற செயலியை ஏற்றிக்கொள்ளுங்கள். அடிப்படை வடிவம் இலவசம், கூடுதல் அகராதிகளுக்குத்தான் காசு. பெயர் வேலைக்கு இலவச வடிவமே போதும். சிசி-செடிக்ட் என்ற சீன-ஆங்கில அகராதித் தரவும் இலவசம். பழைய காலத்து ஆட்களுக்கு, ஹார்வர்டு பல்கலைக்கழகமும் சீன, தைவான் ஆய்வு நிறுவனங்களும் சேர்ந்து நடத்தும் சீன வாழ்வரலாற்றுத் தரவுத்தளம் இருக்கிறது. 5 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் குறிப்பு அதில் உண்டு, கட்டணம் கிடையாது. ஆனால் பெரும்பாலும் 7ஆம் நூற்றாண்டிலிருந்து 19ஆம் நூற்றாண்டு வரை வாழ்ந்தவர்கள்தான். விளையாட்டு வீரரை அதில் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள்.

கைபேசி விசைப்பலகையில் சீனக் கையெழுத்து உள்ளீட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அச்சில் பார்க்கும் எழுத்தை விரலால் வரைந்தால் அது கண்டுபிடித்துக் கொடுக்கும். கோடுகளை மேலிருந்து கீழ், இடமிருந்து வலம் என்று போட்டால் சரியாக வரும்.

நான் காசு கொடுத்தது ஒன்றே ஒன்றுக்கு: சீனம் கற்பிக்கும் ஒருவரிடம் சந்தேகப் பட்டியலைக் காட்டிக் கேட்டதற்கு. இரண்டு மணி நேரம், மொத்தம் 1,200 ரூபாய். 37 பெயர்களைத் தீர்த்துக் கொடுத்தார். முதலிலேயே இதைச் செய்திருந்தால் சீட்டு அச்சிட்ட செலவு மிச்சம்.

நேரக் கணக்கு: முதல் சில பெயர்களுக்குத் தலா அரை மணி நேரம் பிடிக்கும். பழகிய பிறகு பத்து நிமிடம். 140 பெயர்களை மறுபடி சரிபார்க்க, மாலையில் இரண்டு மணி நேரம் வீதம் எனக்கு இரண்டு வாரம் ஆனது. பதிப்பகத்தில் நாள் குறிக்கும்போதே இதைச் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள்.

2. எழுத்தைக் கண்டுபிடியுங்கள், ஒலியை அப்புறம் பார்க்கலாம்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள். சீனப் பெயரின் அடையாளம் அதன் எழுத்தில் இருக்கிறது, ஒலியில் இல்லை. ஒரே ஒலிக்குப் பத்து எழுத்து இருக்கலாம். ஆங்கில எழுத்துக்கு மாறும்போது தொனி போய்விடும். தமிழுக்கு வரும்போது இன்னும் கொஞ்சம் போய்விடும், ஏனென்றால் சீனத்தில் வெவ்வேறான ஐந்தாறு ஒலிகள் நம் ச வரிசைக்குள் வந்து அடங்கிவிடும்.

என் புத்தகத்தில் இருந்த நால்வரையே எடுத்துக்கொள்வோம்.

தடை தாண்டும் ஓட்டக்காரர் லியு சியாங், 1983இல் ஷாங்காயில் பிறந்தவர். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் 110 மீட்டர் தடை ஓட்டத்தை 12.91 நொடியில் முடித்துத் தங்கம் வென்றார். 2006இல் லோசானில் 12.88 நொடியில் உலக சாதனை. இவருடைய சியாங் இரண்டாம் தொனி. பொருள், சிறகு விரித்து உயரப் பறத்தல்.

நீச்சல் வீராங்கனை லியு சியாங், 1996இல் பிறந்தவர். 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் 50 மீட்டர் மல்லாந்து நீச்சலை 26.98 நொடியில் முடித்து உலக சாதனை படைத்தார். இவருடைய சியாங் முதல் தொனி. அது ஹூனான் மாகாணத்தில் ஓடும் ஓர் ஆற்றின் பெயர். அந்த மாகாணத்துக்கே சுருக்கப் பெயராகவும் வழங்குகிறது.

ஹான் காலத்து அறிஞர் லியு சியாங், கி.மு. 77 முதல் கி.மு. 6 வரை வாழ்ந்தவர். அரண்மனை நூலகச் சுவடிகளை ஒழுங்குபடுத்தியவர். இவருடைய சியாங் நான்காம் தொனி. 'நோக்கி' என்று பொருள்.

நான்காமவர் சிச்சுவானை ஆண்ட படைத்தலைவர், 1938இல் இறந்தவர். இவருடைய சியாங்கும் முதல் தொனிதான். எழுத்தும் நீச்சல் வீராங்கனையின் அதே எழுத்து.

பார்த்தீர்களா? முதல் மூவரை எழுத்து பிரித்துவிட்டது. நான்காமவரை எழுத்தாலும் பிரிக்க முடியவில்லை. அங்கே ஆண்டுதான் கை கொடுக்கும். அதனால்தான் விரிதாளில் இரண்டும் வேண்டும் என்கிறேன். வாங் மெங் என்ற பெயரிலும் இதே கதை. யுவான் காலத்து ஓவியர் வாங் மெங்கும் (1308–1385) 1934இல் பிறந்த எழுத்தாளர் வாங் மெங்கும் அச்சு அசலாக ஒரே எழுத்துகள். பனித்தளத்தில் சறுக்கி ஓடும் போட்டியில் நான்கு ஒலிம்பிக் தங்கம் வென்ற வாங் மெங்குக்கு மெங் எழுத்தில் நீர்க் குறி ஒன்று கூடுதலாக இருக்கும்.

சீனர்களுக்கே இந்தச் சிக்கல் உண்டு, அவர்கள் அதற்கு வழியும் வைத்திருக்கிறார்கள். வாங், லி ஆகிய இரண்டு குடும்பப்பெயர்களில் மட்டும் தலா 10 கோடிப் பேருக்கு மேல் இருக்கிறார்கள். அறிமுகத்தின்போது "எந்த ஜாங்?" என்று கேட்பது அங்கே இயல்பு. "வில்–நீளம் ஜாங்" என்று பதில் வந்தால் ஒரு குடும்பம். "நில்–விடியல் ஜாங்" என்றால் வேறு குடும்பம். எழுத்தின் உறுப்புகளைப் பிரித்துச் சொல்கிறார்கள். நாம் "சின்ன ர வா, பெரிய ற வா", "மூணு சுழி ண வா" என்று கேட்பதைப் போலத்தான். அடிக்கடி வருபவை இவை: மரம்–பிள்ளை லி, காது–கிழக்கு சென், வாய்–வானம் வூ, இரட்டை மரம் லின், பழமை–நிலா ஹூ. 'சூ' என்ற குடும்பப்பெயர் வந்தால் பேச்சு–நண்பகல் சூவா, இரட்டை ஆள் சூவா என்று பார்க்க வேண்டும். இந்தப் பட்டியலை ஒரு தாளில் எழுதி மேசையில் ஒட்டிக்கொள்ளுங்கள். சீனம் தெரிந்தவரிடம் தொலைபேசியில் கேட்கும்போது இதுதான் உங்களுக்குப் பொது மொழி.

வாழும் ஒருவரின் பெயர் என்றால் அவரிடமே கேட்டுவிடலாம். சீனக் கடவுச்சீட்டில் பெயர் சீன எழுத்திலும் இருக்கும், பின்யினிலும் இருக்கும். முகவரி அட்டையின் சீனப் பக்கம் இன்னும் எளிது. ஹாங்காங் அடையாள அட்டையில் ஒவ்வோர் எழுத்துக்கும் நான்கு இலக்க எண் அச்சிட்டிருப்பார்கள்; அந்த எண்ணைக் கொண்டு எழுத்தைத் தேடலாம். அட்டையின் நகலைக் கேட்காதீர்கள். பெயரை மட்டும் எழுதி அனுப்பச் சொன்னால் போதும்.

சிக்கிக்கொள்ளும் பொறி ஒன்று: தானியங்கி மொழிபெயர்ப்பில் எழுத்தைப் போட்டு உச்சரிப்பை எடுக்காதீர்கள். சில எழுத்துகளுக்குக் குடும்பப்பெயராக வரும்போது வேறு உச்சரிப்பு. 'ஒற்றை' என்று பொருள்படும் எழுத்து வழக்கமாக 'தான்'. குடும்பப்பெயர் என்றால் 'ஷான்'. 'சரிபார்' என்னும் எழுத்து வழக்கத்தில் 'சா', குடும்பப்பெயரில் 'ஜா'. வாள்வீரர் கதைகளால் புகழ்பெற்ற ஜின் யோங்கின் இயற்பெயர் இந்த 'ஜா'வில்தான் தொடங்கும். அகராதியில் 'குடும்பப்பெயர்' என்று தனியாகக் குறித்திருக்கும் வரியைத் தேடிப் படியுங்கள்.

3. எது குடும்பப்பெயர் என்று பிரியுங்கள்

சீனத்தில் குடும்பப்பெயர் முன்னால் வரும். கூடைப்பந்து வீரர் யாவ் மிங்கை இரண்டாம் முறை குறிப்பிடும்போது 'யாவ்' என்றுதான் சொல்ல வேண்டும், 'மிங்' அல்ல. நமக்கு முன்னெழுத்து தந்தையுடையது, பின்னால் வருவது சொந்தப் பெயர் என்று பழகிவிட்டதால் கை தானாகக் கடைசிச் சொல்லை எடுக்கும். நம் நாளேடுகளில் 'ஜின்பிங் வந்தார்' என்று வருவதும் அதனால்தான். மேற்கே வாழ்பவர்கள் வரிசையை மாற்றிக்கொள்வார்கள்: ஆங் லீ என்ற இயக்குநரின் குடும்பப்பெயர் லீ.

இரண்டு எழுத்துக் குடும்பப்பெயரும் உண்டு. சிமா, ஜூகெ, ஓயாங் ஆகியவை. வரலாற்றாசிரியர் சிமா ச்சியானை 'சி' என்னும் இடத்தில் அடைவில் போடாதீர்கள், அவர் 'சிமா'.

ஹாங்காங்கில் மணமான பெண்கள் சிலர் கணவரின் குடும்பப்பெயரைத் தங்கள் குடும்பப்பெயருக்கு முன்னால் சேர்த்துக்கொள்வார்கள். கேரி லாம் செங் யூட்-ங்கோர் என்பதில் லாம் கணவர் வழி, செங் பிறந்த வீட்டு வழி.

4. எந்த ஊர் எழுத்துக்கூட்டல் என்று பாருங்கள்

ஒரே எழுத்து சீனத்தில் சென், ஹாங்காங்கில் சான், சிங்கப்பூர், மலேசியாவில் ஹொக்கியன் என்ற தென்சீன மொழி பேசும் குடும்பங்களில் டான். மூன்றும் காது–கிழக்கு எழுத்துதான்.

தலைகீழாகவும் நடக்கும். ஹாங்காங்கில் பேசும் கான்டனீய மொழியின் 'வோங்' என்ற வடிவத்துக்குப் பின்னால் இரண்டு எழுத்துகள் இருக்கின்றன. இயக்குநர் வோங் கார்-வாய் சீனத்தின் பொது மொழியான மாண்டரினில் 'வாங்', அதாவது அரசன். 2024 மே மாதம் சிங்கப்பூர்ப் பிரதமரான லாரன்ஸ் வோங் மாண்டரினில் 'ஹுவாங்', மஞ்சள். இருவரையும் ஒரே குடும்பப்பெயர்க்காரர்கள் என்று எழுதினால் தவறு. ஆங்கிலத்தில் என்-ஜி என்று இரண்டே எழுத்தில் வரும், நாம் 'இங்' என்று படிக்கும் பெயர் ஹொக்கியன், தியோச்சூ வீடுகளில் ஹுவாங். கான்டனீய வீடுகளில் வூ. சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ இருக்கும் தமிழர்களுக்கு இது அன்றாடச் சங்கதி. பக்கத்து வீட்டுக்காரரைக் கேட்டாலே சொல்லிவிடுவார்.

பழைய ஆங்கில நூல்களில் பின்யினுக்கு முந்திய வேட்-கைல்ஸ் என்ற எழுத்துக்கூட்டல் முறை இருக்கும். அதில் ஒலியைப் பிரித்துக் காட்டும் மேற்குறியை (') விட்டுவிட்டு அச்சிட்டால் விபரீதம். மாவோவின் மனைவியும் சியாங் கை-ஷேக்கின் மகனும் அதில் 'சியாங் சிங்', 'சியாங் சிங்-குவோ' என்று வருவார்கள். அண்ணன் தங்கை போலத் தோன்றும். எதிரெதிர் முகாம்; குடும்பப்பெயர் எழுத்தும் வேறு. பின்யினில் ஜியாங் ச்சிங், ஜியாங் ஜிங்குவோ. முன்னவரின் ஜியாங் முதல் தொனி, ஆறு என்று பொருள். பின்னவருடையது மூன்றாம் தொனி.

இன்னொன்று: இரண்டு புள்ளி வைத்த யு ஒலியுள்ள 'லூ' என்ற குடும்பப்பெயரைச் சிலர் எல்-வி என்று தட்டச்சிட்டிருப்பார்கள், இப்போதைய கடவுச்சீட்டில் எல்-ஒய்-யு என்று இருக்கும். மூன்று விதமாக வந்தாலும் ஆள் ஒருவராக இருக்கலாம். சான்றிதழும் கடவுச்சீட்டும் பொருந்தவில்லை என்று பதறாமல் சீன எழுத்தை ஒப்பிடுங்கள்.

5. ஒரே ஆளை இரண்டு பேராக்கிவிடாதீர்கள்

பழைய காலத்து ஒருவருக்கு இயற்பெயர், வளர்ந்தபின் சூட்டும் பெயர், தானே வைத்துக்கொள்ளும் பெயர் என்று மூன்று நான்கு இருக்கும். சூ ஷியும் சூ தோங்போவும் ஒரே கவிஞர். ஜூகெ லியாங்கும் கோங்மிங்கும் ஒருவர். சன் யாட்-சென், சுன் ஜோங்ஷான், சுன் வென் மூவரும் ஒருவரே. லூ சுன் என்பது புனைபெயர். அவர் ஜோ ஷூரென்.

பிறந்த ஆண்டு ஒன்று முன்பின் இருந்தால் உடனே வேறு ஆள் என்று முடிவு கட்டாதீர்கள். சீன நாள்காட்டியின் ஆண்டு முடிவு நம் சனவரி, பிப்ரவரியில் விழும். சூ ஷி பிறந்தது 1037 சனவரி 8. சீன ஆண்டுக் கணக்கைப் பார்ப்பவர்கள் 1036 என்று போடுவார்கள்.

6. அரசர் என்றால் வம்சத்தை முன்னால் வையுங்கள்

நாம் முதலாம் இராசராசன், இரண்டாம் இராசராசன் என்று எண் போடுகிறோம். சீனத்தில் பெரும்பாலும் எண் கிடையாது. தைசோங் என்ற பட்டம் தாங் வம்சத்திலும் (626–649) உண்டு, சோங் வம்சத்திலும் (976–997) உண்டு. வம்சப் பெயர் இல்லாமல் 'தைசோங்' என்று மட்டும் எழுதவே கூடாது.

தாங் வம்சத்துக்குள்ளேயே இரண்டு சுவான்சோங்குகள் இருக்கிறார்கள். ஒருவர் 712 முதல் 756 வரை, மற்றவர் 846 முதல் 859 வரை. முன்னவர் இரண்டாம் தொனி, பின்னவர் முதல் தொனி. இங்கே ஆட்சி ஆண்டையும் சேர்த்தே எழுதுங்கள். காஞ்சிக்கு வந்த துறவி யுவான் சுவாங்கின் பின்யின் வடிவம் சுவான்சாங். அவர் 664இல் இறந்தவர். இந்த அரசர்கள் இருவருக்கும் முந்தியவர். சாங், சோங் என்று ஓர் உயிரொலிதான் வித்தியாசம் என்பதால் மெய்ப்பில் கண் தவறிவிடும்.

வம்சப் பெயர்களே மோதும் இடங்களும் உண்டு. ஜின் என்று இரண்டு: 266–420 ஒன்று, 1115–1234 இன்னொன்று. பின்னதற்குப் பொன் என்று பொருள். ஷாங் வம்சத்தின் கடைசி அரசன் ஜோ. அவனை வீழ்த்திய வம்சமும் ஜோ. இங்கே 'அரசன் ஜோ', 'ஜோ வம்சம்' என்று ஒவ்வொரு முறையும் முழுதாக எழுதுவதைத் தவிர வேறு வழியில்லை.

7. இப்போது தமிழில் எழுதுங்கள்

பின்யினை ஆங்கிலம் போலப் படிக்கக் கூடாது. க்யூ என்ற எழுத்து ச்சி போல ஒலிக்கும், க அல்ல. எக்ஸ் ஷிக்கும் சிக்கும் நடுவில். சி என்ற ஆங்கில எழுத்து த்ஸ போல ஒலிக்கும். அதனால் மூன்று அரசுகள் காலத்துத் தலைவன் த்ஸாவ் த்ஸாவ், 'காவோ காவோ' அல்ல. நமக்கென்றே ஒரு பொறி இசட்-எச். அதைப் பார்த்ததும் நம் கண் ழ என்று படிக்கும், ஏனென்றால் தமிழை ஆங்கில எழுத்தில் எழுதும்போது ழவுக்கு அதைத்தான் போடுகிறோம். சீனத்தில் அது ஜ. ஓ-யு என்று முடிந்தால் ஓ.

இது ஏதோ நுணுக்கம் பார்ப்பவர்களின் வேலை என்று விட்டுவிட வேண்டாம். 1281ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு கிடைத்த துறைமுக நகரம் ஃபூஜியன் மாகாணத்துச் சுவான்ஜோ. க்யூவைக் க என்று படித்துக் 'குவான்சோ' என்று எழுதினால், அது குவாங்தோங் மாகாணத்துக் குவாங்ஜோவோடு கலந்துவிடும். நம் சொந்த வரலாற்றின் ஒரு கல்வெட்டை வேறு மாகாணத்தில் கொண்டுபோய் வைத்த கட்டுரைகளை நான் படித்திருக்கிறேன். படிக்கும்போது மனசு பொறுக்கவில்லை. சரியாக எழுதினால் சுவான்ஜோ, குவாங்ஜோ என்று தமிழிலேயே தெளிவாகப் பிரிந்து நிற்கும்.

நிலைத்துவிட்ட வடிவங்களை மாற்ற வேண்டாம். கன்பூசியஸ், யுவான் சுவாங், சன் யாட்-சென் என்றே இருக்கட்டும். அடைவில் மட்டும் 'சுவான்சாங் – காண்க: யுவான் சுவாங்' என்று ஒரு வரி சேருங்கள். ஒரே ஒலியுள்ள பெயர்களுக்குப் பக்கத்தில் தொழிலும் ஆண்டும் அடைப்புக்குறியில் வரட்டும்: லியு சியாங் (தடகளம், பி. 1983), லியு சியாங் (நீச்சல், பி. 1996). தொனி எண்ணைப் பொது வாசகருக்கான நூலில் போட வேண்டாம். உங்கள் விரிதாளில் இருந்தால் போதும்.

8. சொல்லின் பிறப்பைச் சொல்லப் போகிறீர்கள் என்றால்

பெயர் விளக்கம் எழுதும்போது சொற்பிறப்பும் தானாக வந்து சேரும். இங்கே ஒரு சொல்லுக்கு இரண்டு மணி நேரமாவது ஒதுக்குங்கள். பெயரில் செய்யும் பிழையை யாராவது கண்டுபிடித்துவிடுவார்கள். சொற்பிறப்பில் செய்யும் பிழை அழகாக இருப்பதால் ஊர் முழுக்கப் பரவும்.

எழுத்தின் படத்தைப் பார்த்துக் கதை சொல்வதுதான் முதல் பொறி. ஓட்டக்காரரின் 'சியாங்' எழுத்தில் ஒரு பக்கம் ஆடு, இன்னொரு பக்கம் சிறகு. சிறகு முளைத்த ஆடு என்று விளக்கம் எழுதத் தோன்றும். ஆடு அங்கே ஒலிக்காக நிற்கிறது, ஆட்டுக்கு 'யாங்' என்று பெயர். பொருளைத் தருவது சிறகு மட்டும். சீன எழுத்துகளில் பெரும்பாலானவை இப்படி ஒலி ஒரு பாதி, பொருள் ஒரு பாதி. எந்தப் பாதி எது என்று அகராதியில் பார்த்த பிறகே பேனாவை எடுங்கள்.

'பெயர்' என்ற சொல்லுக்கான 'மிங்' எழுத்தில் மாலையும் வாயும் இருக்கின்றன. இருட்டில் முகம் தெரியாது, அதனால் வாயால் தன் பெயரைச் சொல்ல வேண்டும் என்பது கி.பி. 100 வாக்கில் சூ ஷென் தொகுத்த சுவோவென் அகராதி தரும் விளக்கம். எனக்கு மிகவும் பிடித்த விளக்கம் இது. ஆனாலும் 'சுவோவென் இப்படிச் சொல்கிறது' என்றுதான் எழுத வேண்டும். 9,353 எழுத்துகளை விளக்கிய அந்தப் பெருநூலின் ஆசிரியர் ஆரூட எலும்பு எழுத்துகளை, அதாவது குறி கேட்பதற்காக எலும்பில் செதுக்கிய மிகப் பழைய சீன எழுத்துகளை, பார்த்ததில்லை. அவை என்னவென்று உலகம் அறிந்தது 1899இல்தான்.

இரண்டாவது பொறி, மேடைகளில் அடிக்கடி கேட்பது: 'நெருக்கடிக்குச் சீனத்தில் வெய்ஜி, அதில் பாதி ஆபத்து, பாதி வாய்ப்பு.' வெய் ஆபத்துதான். ஜி தனியாக வாய்ப்பு ஆகாது. அதற்கு ஜிஹுய் என்று சேர்ந்து வர வேண்டும். வெய்ஜியில் அது திருப்பம் ஏற்படும் வேளையைக் குறிக்கிறது. விமானத்துக்கு ஃபெய்ஜி என்கிறார்கள், அங்கேயும் இதே ஜி எழுத்துதான், பொருளோ இயந்திரம்.

மூன்றாவது, சீன எழுத்தில் பொருளோடு பொருந்துவதாலேயே சீனச் சொல் என்று நினைத்துவிடுவது. கூலியாளைக் குறிக்கும் சீனச் சொல்லும் 'கூலி'. அதன் இரண்டு எழுத்துகள் கசப்பு, வலிமை. கசப்பான உழைப்பு! எவ்வளவு பொருத்தம் என்று தோன்றும். ஆனால் அது ஐரோப்பியர் வாய்வழி சீனத்துக்குப் போன சொல். ஒலிக்கும் பொருளுக்கும் சேர்த்துப் பொருத்தமான எழுத்துகளைத் தேர்ந்திருக்கிறார்கள். நம் 'கூலி'தான் மூலம் என்பது வலுவான கருத்து. குஜராத்தின் கோலி மக்கள் பெயரிலிருந்து என்போரும் உண்டு. இரண்டையும் எழுதுங்கள், நம்முடையது என்பதற்காக ஒன்றை மறைக்காதீர்கள்.

உறுதியாகச் சொல்லத்தக்கவை வேண்டுமா? நாம் 'மாண்டரின்' என்கிறோமே, அது சீனச் சொல்லே இல்லை. வடமொழி மந்திரின் மலாயில் மந்தெரி ஆகி, போர்த்துக்கீசியர் வாயில் மந்தரிம் ஆகி, சீன அதிகாரிகளுக்கும் அவர்கள் பேசிய மொழிக்கும் பெயரானது. நம் மந்திரிதான். மல்லிகைக்குச் சீனத்தில் மோலி. வடமொழி மல்லிகா போய்ச் சேர்ந்த வடிவம். தியானம் ச்சான் ஆகி, ஜப்பானில் ஜென் ஆனது. தேயிலையின் 'தே' ஃபூஜியன் கடற்கரையின் மின் மொழிச் சொல். 'சாயா'வின் 'சா' மாண்டரினிலும் கான்டனீயத்திலும் உள்ளது. இரண்டுக்கும் எழுத்து ஒன்றே. தேன் போல இனிப்பதால் தேநீர் என்ற விளக்கத்தை எங்கேயாவது பார்த்தால் நீக்கிவிடுங்கள்.

ஒவ்வொரு சொல்லுக்கும் பக்கத்தில் 'உறுதி', 'பெரும்பாலோர் ஏற்பது', 'மக்கள் விளக்கம்' என்று மூன்றில் ஒன்றைக் குறித்துவையுங்கள். சீனா என்ற பெயர் சின் அரசிலிருந்து வந்தது என்பது இரண்டாம் வகை. அச்சில் அந்தச் சொல்லைப் போடாவிட்டாலும் வாக்கியத்தின் தொனி அதற்கேற்ப இருக்க வேண்டும்.

9. அச்சுக்குப் போகும் முன்

சீன எழுத்தையும் நூலில் போடப் போகிறீர்கள் என்றால் வடிவமைப்பாளரிடம் முதல் நாளே பேசுங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் பக்கம் கட்டும் இடங்களில் சீன எழுத்து வெறும் கட்டமாக விழும். ஒருங்குறியில்தான் வேலை நடக்க வேண்டும். நோட்டோ வரிசையில் சீன எழுத்துரு இலவசமாகக் கிடைக்கிறது. சீன நாட்டவர் பெயருக்கு எளிய வடிவம், தைவான், ஹாங்காங் ஆட்களுக்கும் பழங்காலத்தவருக்கும் மரபு வடிவம் என்று முடிவு செய்துகொள்ளுங்கள். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தானியங்கியாக மாற்றாதீர்கள். 'ஃபான்' என்ற குடும்பப்பெயர் அப்படி மாற்றினால் மாதிரி, வரம்பு என்னும் பொருளுள்ள வேறு எழுத்தாகிவிடும்.

பக்க எண் உறுதியான பிறகே அடைவுக்கு எண் போடுங்கள். கடைசி மெய்ப்பு வந்ததும் ஒரே தமிழ் வடிவம் உள்ள பெயர்களை மட்டும் தனியாக எடுத்து, ஒவ்வொரு பக்க எண்ணையும் புரட்டிப் பார்த்து, அங்கே நிற்பவர் யார் என்று உறுதிசெய்யுங்கள். 140 பெயரில் எனக்கு இப்படி 19 பெயர்கள் வந்தன. ஒரு பிற்பகல் வேலை. அதை நீங்களே செய்யுங்கள், வேறு யாரிடமும் கொடுக்காதீர்கள். விரிதாளை நிரப்பியவருக்குத்தான் எந்தப் பக்கத்தில் சந்தேகப்பட வேண்டும் என்று தெரியும்.